நகைப் பெட்டகம்

நகை என்னுஞ் சொல் தமிழிற் சிரிப்பையும் அணிகலனையும் ஒருங்கே உணர்த்தும். அமெரிக்க நாட்டு ஜோன் ரிவர்ஸ் அம்மையார் (1933–2014) இவ்விரண்டனையும் விற்றுப் பொருளீட்டியவர். தொலைக்காட்சி வாயிலாக அவர் அணிகலன் விற்ற வரலாறு நிற்க. ஈண்டு நாம் கூறப்புகுவது ஏனைய நகையையேயாம்.

வேடமும் கதையும் உடன்நடிப்போருமின்றித் தனித்து நின்று, சொல்லொன்றானே அவையோரை நகைப்பித்தல் அந்நாட்டில் ஒரு தொழில். ஸ்டாண்ட்-அப் காமெடி என்பர். அத்தொழிலில் அரை நூற்றாண்டு நிலைத்த அம்மையாரை, அவர் 75 வயதெய்திய காலத்து ஓராண்டிற்குமேற் பின்தொடர்ந்து, ரிக்கி ஸ்டெர்ன், ஆனி சண்ட்பெர்க் என்னும் மாதர் இருவர் எடுத்த ஆவணப்படம் 2010-இல் வெளிவந்தது. ‘ஜோன் ரிவர்ஸ்: எ பீஸ் ஆஃப் வொர்க்’ என்பது அதன் பெயர்.

வேடிக்கைப் பேச்சு நாவில் தானே ஊறுவதெனக் கருதுவோர் அப்படத்திற் காட்டப்படும் அலமாரியைக் காண்பாராக. நூல்நிலையத்து அட்டவணைப் பெட்டி போன்று வரிசையாக இழுப்பறைகள். அவற்றுள் தட்டெழுத்திற் பொறித்துப் பொருள்வாரியாக அடுக்கிய அட்டைகள். ஏறத்தாழ 65,000 வேடிக்கைகள் கொண்ட அத்தொகுதி நியூயார்க் மாகாணத்து ஜேம்ஸ்டவுனிலுள்ள தேசிய நகைச்சுவை மையத்தைச் சேர்ந்தமை 2023-இல் அறிவிக்கப்பட்டது. புலவர் ஏடு தொகுத்தலினும் இது எளிய பணியன்று.

இத்துணை உழைப்பு எற்றுக்கு? ஒன்றும் எழுதப்பெறாத நாட்குறிப்பின் வெண்பக்கங்களைக் காட்டி, அச்சமாவது இதுவே என்கின்றார் அம்மையார். அவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 1965-இல் ஜானி கார்சன் என்பாரது இரவு நிகழ்ச்சியில் தோன்றிப் புகழெய்தியவர், 1986-இல் அவருக்குப் போட்டியாகத் தாமே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். கார்சன் அவரோடு பேசுதலையே ஒழித்தார். மறுவருடம் அந்நிகழ்ச்சியினின்றும் அம்மையார் நீக்கப்பட்டார். சின்னாளிற் கணவர் தற்கொலை செய்துகொண்டார். அத்துயரையும் அவர் மேடையில் வேடிக்கையாக்கினார். 2014 ஆகஸ்டு 27-ஆம் நாளிரவும் மேடையேறிப் பேசினார். மறுநாள் சிகிச்சையின்போது மூச்சு நின்று, செப்டம்பர் 4-இல் காலமானார்.

எள்ளலாற் பிறக்கும் நகை, பிறரைத் தான் எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்பர் தொல்காப்பிய உரையாசிரியர். அம்மையார் இரண்டினும் வல்லவர். தம் முதுமையையும் முகத்தையும் அவர் எள்ளும்போது நாம் தடையின்றி நகுகின்றோம். மற்றையதன்கண்ணேதான் எமக்கு ஐயம் எழுகின்றது. விஸ்கான்சின் மாகாணத்து அரங்கொன்றில், கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லரைக் குறித்து அவர் ஒரு வேடிக்கை கூற, அவையிலிருந்த ஒருவர், செவிட்டு மகனைப் பெற்றவனுக்கு இது நகைப்பன்று என்று கூவினார். அம்மையார் சினந்து கடுஞ்சொற் கூறினார். தம் தாயும் செவிடே என்றும், துயரைத் தாங்குதற்கே நகைச்சுவை உளது என்றும் வாதித்தார். அவை ஆரவாரித்தது. அவர்தம் வாதம் தம் தாயைப் பற்றியமட்டிற் பொருந்தும்; அத்தந்தையை அது கட்டுப்படுத்துமோ? ஆயினும் மேடையினின்று இறங்கியபின் அம்மையார் அம்மனிதருக்காக வருந்துதலையும் அப்படம் மறையாது காட்டுகின்றது.