வால் எண் சொன்ன செய்தி

2021 டிசம்பர் மாதம். அருணாசலப் பிரதேசத்தின் பனி மூடிய மலையுச்சி ஒன்றில் ஒரு சிறு குழு சென்று சேர்ந்தது. மார்பளவு ஆழமுள்ள ஆறுகளைக் கடந்தும், உறைபனியில் கூடாரமிட்டுத் தங்கியும் பல மாதங்கள் தேடிய விமானம் அங்கே சிதறிக் கிடந்தது. அதன் வால் எண்ணைப் படித்ததும் ஐயம் நீங்கியது. 1945 ஜனவரி முதல் வாரத்தில், சீனத்தின் குன்மிங் நகரிலிருந்து 13 பேருடன் வந்தபோது புயலில் மறைந்த சி-46 சரக்கு விமானம் அது. தந்தை காணாமற்போனபோது பதின்மூன்று மாதக் குழந்தையாக இருந்த ஒருவர், முதுமையில் விடுத்த வேண்டுகோளே இத்தேடலுக்குக் காரணம்.

குழுவை வழிநடத்திய கிளேட்டன் கூல்ஸ், தொழில்முறை வரலாற்றாசிரியர் அல்லர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வணிகர். மலையேற்றத்தில் நாட்டம் கொண்டவர்.

திமிலைத் தாண்டிய வான்வழி

1942-இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதால், சீனத்துக்குப் பொருள் சென்ற தரைவழி அடைபட்டது. எனவே அசாமின் சபுவா, டின்ஜான் முதலிய விமானத் தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைத் தாண்டிக் குன்மிங்குக்கு விமானங்கள் பறந்தன. அம்மலைத் தொடரை விமானிகள் 'ஹம்ப்', அதாவது திமில், என்று அழைத்தனர். 1945 வரை ஏறத்தாழ 6.5 லட்சம் டன் சரக்கு இவ்வழியே சென்றது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. சுமார் 600 விமானங்கள் அழிந்தன. 1,600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். எதிரியின் குண்டுகளைவிடப் புயலும், இறக்கைகளில் படிந்த பனியும், மேகம் மறைத்த சிகரங்களுமே பெரும்பாலான விமானங்களை வீழ்த்தின.

எண்ணிலிருந்து பெயருக்கு

இத்தகைய தேடல் ஆவணத்தில் தொடங்குகிறது. காணாமற்போன ஒவ்வொரு விமானத்துக்கும் அமெரிக்க வான்படை ஓர் அறிக்கை எழுதிவைத்தது. விமான எண், இயந்திர எண்கள், இறுதியாகத் தெரிந்த இடம், அன்றைய வானிலை, சென்றவர்களின் பெயர்கள் ஆகியன அதில் உள்ளன. ஆயினும் காகிதம் காட்டை அறியாது. வேட்டைக்குச் சென்றபோது உலோகச் சிதைவைக் கண்ட மலைவாழ் மக்களே காட்டை அறிவர். அவர்களின் நினைவையும் அறிக்கையின் எண்ணையும் ஒப்பிடும்போதுதான் உண்மை புலனாகிறது.

அப்பர் சியாங் மாவட்டத்தின் டம்ரோ கிராமத்தருகே 2006-இல் கூல்ஸ் கண்டறிந்த பி-24 விமானம் இதற்குச் சான்று. 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சபுவாவுக்கு எண்மருடன் திரும்புகையில் மறைந்தது அது. இடத்தைப் பதிவு செய்து அரசுக்குத் தெரிவிப்பதோடு ஆர்வலரின் பணி நிறைவுறுகிறது. அகழாய்வும் மரபணுச் சோதனையும் வல்லுநர்களுக்கு உரியவை. அங்கே மீட்கப்பட்ட எச்சங்கள் 2016 ஏப்ரலில் புதுதில்லியில் மரியாதையுடன் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்விமானத்தில் சென்ற லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு 2017-இல் அடையாளம் காணப்பட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள தம் சொந்த ஊரான கான்கார்டில் அடக்கம் செய்யப்பட்டார். எழுபத்து மூன்று ஆண்டுகள் முடிக்கப்படாதிருந்த ஒரு கணக்கு அன்று நேர் செய்யப்பட்டது.

எல்லாத் தேடல்களும் இவ்வாறு நிறைவுறுவதில்லை. பனிமலையில் கிடந்த சி-46-இல் மனித எச்சம் எதுவும் கிடைக்கவில்லை. தந்தை எங்கே வீழ்ந்தார் என்பது மட்டுமே மகனுக்குத் தெரிந்தது. அதுவே அவருக்குப் பேராறுதல் அளித்தது. அந்த ஆறுதலுக்காக உயிர் நீத்தவர்களையும் நாம் மறக்கலாகாது. அத்தேடலின் முற்பகுதியில், செப்டம்பர் மாதப் பனிப்புயலில் சிக்கி உள்ளூர் வழிகாட்டிகள் மூவர் குளிரால் மாண்டனர். முன்பு வீழ்ந்தவர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் ஏட்டில், அவர்களைத் தேடிச் சென்று வீழ்ந்த இம்மூவருக்கும் ஓரிடம் உண்டு.

நம் இல்லத்தில்

பாசிகாட்டில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஹம்ப் அருங்காட்சியகத்தில் இவ்விமானங்களின் சிதைவுகளைக் காணலாம். அருணாசலம் செல்வோர் 'இன்னர் லைன் பெர்மிட்' எனும் நுழைவு அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும். காட்டில் விமானச் சிதைவு எதையேனும் காண நேர்ந்தால், அதனைத் தொடாது படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிப்பதே முறை.

மலையேற இயலாதவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. படையில் பணியாற்றிய பாட்டனாரின் பணிச்சான்று, ஓய்வூதிய ஆணை, கடிதம், புகைப்படம் ஆகியவை நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கக்கூடும். அவற்றை ஒருநாள் வெளியில் எடுப்போம். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதி வைப்போம். பின்னாளில் எவரேனும் நம்மவர் ஒருவரைத் தேடி வரும்போது, அந்த ஒற்றை வரியே அவருக்கு வழிகாட்டக்கூடும்.