மலையோடையின் வாட்டமும் கல்லின் பயணமும்

ஓடையில் வரும் தண்ணீர் ஒரு கல்லை நகர்த்துமா என்பதை நீரின் ஆழமும் ஓடைத் தரையின் வாட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டில் எது கூடினாலும் தரையின் மேல் நீர் செலுத்தும் இழுவிசை கூடும். எந்த அளவுக் கல் எவ்வளவு விசையில் கிளம்பும் என்பதை ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் பெர்லினில் சோதித்து 1936-ல் வெளியிட்டார். இன்றும் பொறியாளர்கள் தொடங்குவது அவருடைய கணக்கிலிருந்துதான்.

இதைப் பொருத்திப் பார்க்கக் கிருஷ்ணகிரி மாவட்டம் தோதான இடம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. அந்த இறக்கத்தில் தென்பெண்ணை இறங்கி வருகிறது. பர்கூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் ஓடைகளோ ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடப்பவை. வெயிலிலும் மழையிலும் உதிரும் கருங்கல் பருமணலாகிறது. சரிவில் பெயர்ந்த உருண்டைப் பாறைகளும் ஓடைக்குள் வந்து சேர்கின்றன.

இப்படி இரண்டு ஓடைகளை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் போவதாகக் கொள்வோம். ஒன்று 100 மீட்டர் தூரத்தில் 4 மீட்டர் இறங்குகிறது. மற்றது 40 செ.மீ. மட்டுமே. வழக்கமான கணக்குப்படி முதலாவது 27 செ.மீ. குறுக்களவுள்ள கல்லை அசைக்கும், இரண்டாவது 2.7 செ.மீ. கூழாங்கல்லோடு நின்றுவிடும்.

ஆனால் செங்குத்தான ஓடை இந்தக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. அங்கே பெரிய கற்கள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துக் குறுக்கே படிகளாக அமர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு மடு. படியிலிருந்து மடுவில் விழும் நீர் தன் வேகத்தை அந்தக் குமிழியிலும் சுழலிலுமே தொலைத்துவிடும். கல்லை உருட்ட மிஞ்சுவது கொஞ்சம்தான். 3 முதல் 10 சதவீத வாட்டத்தில் இத்தகைய படியமைப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் மான்ட்கோமரியும் பஃபிங்டனும் 1997-ல் வகைப்படுத்தினர். வாட்டம் ஏற ஏறக் கல்லைக் கிளப்பும் வரம்பும் உயர்கிறது என்று மைக்கேல் லாம்பும் அவருடைய சகாக்களும் 2008-ல் காட்டினார்கள். அவர்களுடைய சூத்திரத்தைப் போட்டால் 27 செ.மீ. என்பது சுமார் 18 ஆகக் குறைகிறது, 2.7 என்பது 3-ஐச் சற்றே தாண்டுகிறது. பத்து மடங்கு வித்தியாசம் ஆறு மடங்குக்குள் சுருங்கிவிடுகிறது. செங்குத்தான ஓடை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் என்ற எண்ணம் பாதிதான் சரி.

படிகள் உடைவது அபூர்வமான பெருமழையில். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின், பர்கூருக்குத் தென்கிழக்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் வாட்டம் அதேதான், ஆழம் பல மடங்கு. சாதாரண ஆண்டுகளில் மணலும் சிறு சரளையும் மட்டும் பெருங்கற்களின் இடுக்கில் நழுவிப் போகும். பெருங்கற்கள் கிளம்புவதெல்லாம் இப்படிப்பட்ட சில மணி நேரத்தில்தான்.

குன்றடியில் வாட்டம் சட்டென்று குறைகிறது. பெருங்கல் அங்கேயே தங்கும். சற்றுத் தள்ளிச் சரளை, பிறகு மணல். ஏரிவரை போய்ச் சேர்வது பெரும்பாலும் மெல்லிய வண்டல். கோடையில் விவசாயிகள் டிராக்டரில் அள்ளி வயலுக்கு அடிப்பது இதைத்தான். தடுப்பணையும் வாட்டத்தைக் குறைப்பதால் மேற்புறம் மணல் மேடிடுகிறது. சுமையை இறக்கிவிட்டு வழியும் தண்ணீர் கீழ்ப்புறத் தரையைக் குடைய ஆரம்பிக்கும். அங்கே கற்கள் பாவி வைப்பது அதற்காகத்தான்.