காற்று அடைக்கிற அறை

கல்யாண வீட்டில் பந்தியைவிட ஆக்குப்புரைதான் என்னை இழுக்கும். அந்தமானின் ஸ்வராஜ் தீவிலும் அதுதான் நடந்தது. ஸ்கூபா போக வந்தவர்கள் கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நான் ரிசார்ட்டின் பின்பக்கம் நழுவிவிட்டேன். அங்கேதான் ஸ்கூபா சிலிண்டர்களில் காற்று அடைக்கிறார்கள்!

சங்கரன்கோவிலில் வளர்ந்தவர்களுக்கு நீச்சல் என்றால் தோட்டத்துக் கிணறு. கமலைக் கல்லில் ஏறிக் குதித்தவர்கள் நாங்கள். கடல் வேண்டுமென்றால் தூத்துக்குடி பக்கம்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நினைத்த இடத்தில் குதித்துவிட முடியாது. அதனால் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை, விமானத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து கப்பலில் ஸ்வராஜ் தீவு. ஹேவ்லாக் என்ற பழைய பெயர் 2018 டிசம்பரில் மாறிவிட்டாலும் துறைமுகத்தில் பாதிப் பேர் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

கம்பிரசர் அறை வாசலில் நின்றவர் என் பேச்சைக் கேட்டதும் சிரித்தார். "அண்ணாச்சி திருநவேலிப் பக்கமா?" அவர் ராமநாதபுரத்துக்காரர். "உள்ள வாங்க, காதைப் பொத்திக்கங்க." அந்த இரைச்சலில் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினோம். எத்தனை பெரிய ரகசியங்கள் அந்தச் சின்ன அறைக்குள்!

முதல் ரகசியம்: முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நாம் தெருவில் நின்று சுவாசிக்கிற அதே காற்றுதான், ஈரமும் எண்ணெய் வாடையும் வடிகட்டி, அமுக்கி அடைத்தது. சுத்தமான ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே விஷமாக வேலை செய்யத் தொடங்கிவிடும், வலிப்பு வரலாம். நான் அத்தனை வருஷமும் சினிமா பார்த்து வேறு மாதிரி நம்பியிருந்தேன்.

இரண்டாவதைக் கேட்டு உண்மையாகவே துள்ளினேன். காற்றுக்கு எடை உண்டு! வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர் சொச்சம். அதற்குள் 200 பார் அழுத்தத்தில், கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தத்தில், 2,200 லிட்டர் காற்றைத் திணிக்கிறார்கள். அந்தக் காற்று மட்டுமே இரண்டரை கிலோ. தண்ணீருக்குள் மூச்சு விட விட அந்த எடை குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஆளே மேலே மிதக்கப் பார்ப்பார். அதையும் முன்கூட்டிக் கணக்குப் போட்டுத்தான் இடுப்பு பெல்ட்டில் ஈயக்கட்டி கோர்க்கிறார்கள். நம்மை ஒரு பார்வை பார்த்தே எத்தனை கட்டி என்று சொல்லிவிடுகிறார்கள், அந்தக் கண்ணுக்குக் கும்பிடு போடலாம்.

கம்பிரசர் காற்றை உறிஞ்சுகிற குழாயைத் தேடினேன். சுவரைத் தாண்டி, ஆள் உயரத்துக்கும் மேலே, ஜெனரேட்டர் புகை எட்டாத பக்கம் திரும்பி நின்றது. புகை கொஞ்சம் கலந்தாலும் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும்; மேலே இருக்கும்போது ஒன்றும் செய்யாத அளவுகூட ஆழத்தில் ஆளைச் சாய்க்கும். நிரப்புவதிலும் நிதானம்தான். வேகமாக அடைத்தால் சிலிண்டர் சூடேறி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். விடியுமுன்னே எழுந்து ஒருவர் இதைப் பொறுமையாகச் செய்து வைத்திருப்பதால்தான் ஒன்பது மணிக்கு நாம் மீனைப் பார்த்து வாய்பிளக்க முடிகிறது.

அடுத்த அறையில் வெட்சூட்டுகள், மாஸ்க்குகள், உடல்நிலைப் படிவங்கள். ஆஸ்துமா, காது, இதயம் பற்றியெல்லாம் அந்தப் படிவம் கேட்கும். மறைக்காமல் எழுதுங்கள். பிறகு சைகைப் பாடம். நம் ஊரில் கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' என்று அர்த்தம். தண்ணீருக்குள் அப்படிக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று பொருள், உடனே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல விரலை வட்டமாக மடக்க வேண்டும். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசுகிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மாஸ்க்குக்கும் எச்சில்தான் மருந்து!

முதல்முறை போகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள், பயிற்சியாளர் கையை எடுக்கவே மாட்டார். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதைத் திறக்க வேண்டும். 'டொப்' என்று திறக்கிற அந்தச் சின்னச் சத்தம் எவ்வளவு சந்தோஷம் தருகிறது! இன்னொன்று, மூச்சைப் பிடிக்கவே கூடாது. கிணற்றில் தம் கட்டிப் பழகிய எங்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். தூத்துக்குடியில் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள் கல்லைக் கட்டி இறங்கி, தம் பிடித்தே வேலையை முடித்து, கயிற்றை இழுத்துச் சைகை காட்டி மேலே வந்தவர்கள். 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் சேர்ந்து, இழுக்கும்போது மட்டும் காற்றுத் தருகிற கருவியைச் செய்தார்கள். அதன் பிறகுதான் மூச்சு விட்டுக்கொண்டே இறங்குவது என்னைப் போன்றவர்களுக்கும் வாய்த்தது.

நெமோ ரீஃப் என்று அவர்கள் சொல்கிற இடத்தில் கடல் சாமந்திக்குள் கோமாளி மீன்கள் எட்டிப் பார்த்தன. கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் 'கறுக் கறுக்' என்று கேட்டது, சத்தியமாகக் கேட்டது! ஆழம் கூடக் கூட முதலில் மங்குவது சிவப்பு. என் சிவப்புப் பட்டி சாம்பல் நிறமாகிவிட்டதைப் பார்த்து, பயிற்சியாளர் டார்ச் அடித்துச் சிவப்பைத் திரும்ப வரவழைத்துக் காட்டினார். வெளிறிப்போன பவளங்களும் இருந்தன. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன. ஒரு திட்டைச் சுட்டிக்காட்டி அவர் உள்ளங்கையை அசைத்தார்: தொடாதே. தொடவில்லை.

இதே தீவின் ராதாநகர் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் முன்பு ராஜன் என்ற யானை இருந்தது. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, கடலில் நீந்தப் பழகிய யானை. அது தலைக்குமேல் நீந்துவதை ஸ்கூபா போனவர்கள் கீழிருந்து படமெடுத்திருக்கிறார்கள். 2006-ல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'தி ஃபால்' படத்திலும் அது வருகிறது. 2016-ல் இறந்துபோனது. அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

போகிறவர்களுக்கு: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். ஊர் திரும்புகிற விமானத்துக்கு முன் 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். வயது பத்து நிறைந்திருந்தால் குழந்தைகளும் இறங்கலாம். என் அக்கா மகளுக்கு மாசியில் பத்து நிறைகிறது. டிக்கெட் போட்டாயிற்று!