சொந்த இணையதளத்தில் புகைப்படத் தொகுப்பு: சிறிய நிரல் ஒன்றால் அமைப்பது எப்படி?

பள்ளிகள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் எனப் பல அமைப்புகள் தங்கள் நிகழ்ச்சிப் படங்களைச் சமூக ஊடகங்களிலோ இலவசச் சேமிப்புச் சேவைகளிலோ பதிவேற்றுவதோடு நின்றுவிடுகின்றன. அந்தச் சேவையின் விதிமுறை மாறினாலோ, சேவையே நிறுத்தப்பட்டாலோ, பல ஆண்டு நினைவுகள் கைவிட்டுப் போகும் நிலை ஏற்படுகிறது. இவ்வமைப்புகள் பலவற்றுக்குச் சொந்த இணையதளம் இருக்கிறது. அதில் புகைப்படத் தொகுப்பு ஒன்றை அமைக்க, ஐம்பது வரிகளுக்குள் அடங்கும் ஒரு நிரலே போதுமானது. அதனைப் பாதுகாப்பாக அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சொந்தத் தொகுப்பு ஏன்?

யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் சேவை, ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. கூகுள் தனது பிக்காசா சேவையை 2016-இல் நிறுத்தியது. ஃபிளிக்கர் தனது இலவசக் கணக்குகளில் 1,000 படங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது என 2018-இல் அறிவித்தது. கூகுள் போட்டோஸ் வழங்கிவந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் முடிவுக்கு வந்து, புதிய படங்கள் 15 ஜிபி என்ற பொதுவான வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

இவை அனைத்திலும் பயனர்களுக்கு முன்னறிவிப்பு தரப்பட்டது. ஆனால், பொறுப்பாளர் மாறிவிட்ட, கடவுச்சொல் மறந்துபோன ஓர் அமைப்புக்கு அந்த அறிவிப்பு சென்று சேர்வதில்லை என்பதே நடைமுறை.

அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்?

12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4,000 பிக்சல் அகலமும் 3,000 பிக்சல் உயரமும் கொண்டது. அத்தகைய கோப்பு ஒவ்வொன்றும் 4 எம்பி அளவு எனக் கொண்டால், 200 படங்கள் உள்ள ஆண்டு விழாப் பக்கம் 800 எம்பி ஆகிவிடும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரவு பெறும் கைப்பேசிப் பயனர் ஒருவர், அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்தாலே அன்றைய தரவில் பாதிக்கு மேல் செலவாகிவிடும்.

அதே படத்தை 400-க்கு 300 பிக்சல் என்ற சிறுபடமாக மாற்றினால், பிக்சல்களின் எண்ணிக்கை நூறில் ஒரு பங்காகக் குறையும். முதலில் சிறுபடங்களை மட்டும் காட்டி, விரும்பிச் சொடுக்குபவருக்கு மட்டும் பெரிய படத்தை அளிப்பதே எல்லாப் புகைப்படத் தொகுப்புகளுக்கும் அடிப்படை.

இரு வழிகள்

சிறுபடங்களை இரு வகையாக உருவாக்கலாம். பார்வையாளர் கேட்கும் தருணத்தில் சேவையகமே உருவாக்கித் தருவது ஒரு வழி. அப்பாச்சி சேவையகத்தில் பெர்ல் மொழியின் துணையுடன் இயங்கிய ‘அப்பாச்சி கேலரி’ என்ற நிரல்தொகுதி இவ்வகையைச் சேர்ந்தது. கோப்புறையில் படங்களைப் போட்டுவிட்டால் போதும். எஞ்சியதை அதுவே கவனித்துக்கொள்ளும்.

இந்த வழியில் வசதி அதிகம் என்றாலும், சேவையகத்தில் எந்நேரமும் ஒரு நிரல் விழித்திருக்க வேண்டும். அதில் பிழை இருந்தால் அதுவே கள்ளச்சாவி ஆகிவிடும். வேர்ட்பிரஸ் தளங்களில் பரவலாகப் பயன்பட்ட ‘டிம்தம்ப்’ என்ற சிறுபட நிரலில் 2011 ஆகஸ்டில் அத்தகைய பிழை வெளிப்பட்டது. அனுமதிக்கப்பட்ட தளத்தின் பெயர் முகவரியில் எங்கேனும் இடம்பெற்றிருந்தாலே போதும் என்று அது ஏற்றுக்கொண்டது. அதனால் தாக்குபவர்கள் படம் என்ற பெயரில் தங்கள் நிரலையே அத்தளங்களுக்குள் செலுத்தி இயக்க முடிந்தது.

இரண்டாவது வழியில், சொந்தக் கணினியிலேயே சிறுபடங்களையும் பக்கத்தையும் ஒருமுறை உருவாக்கி, முடிந்த கோப்புகளை மட்டும் சேவையகத்தில் ஏற்ற வேண்டும். சேவையகத்தில் இயங்கும் நிரல் எதுவும் இல்லாததால், இத்தகைய துளைக்கு அங்கே இடமே இல்லை. தொழில்நுட்பப் பணியாளர் இல்லாத சிறிய அமைப்புகளுக்கு இதுவே ஏற்றது.

பில்லோ செய்யும் பணி

பைத்தான் மொழியில் படங்களைக் கையாளப் பரவலாகப் பயன்படும் நிரல்தொகுதி ‘பில்லோ’. பிரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய பழைய தொகுதி ஒன்றின் வழித்தோன்றலாக இது 2010-இல் தொடங்கப்பட்டது. இது கட்டணமற்றது; ‘பிப்’ என்ற நிறுவும் கருவியின் ஒரே கட்டளையில் கணினிக்கு வந்துவிடும்.

முதலில் மூன்று கோப்புறைகள் தேவை. ஒன்றில் மூலப் படங்கள், மற்றொன்றில் சிறுபடங்கள், மூன்றாவதில் திரைக்கேற்ற பெரிய படங்கள் இருக்கும். மூலக் கோப்புறை ஒருபோதும் சேவையகத்திற்குச் செல்லக் கூடாது. நிரல் செய்ய வேண்டியவை வருமாறு:

ஒன்று: மூலக் கோப்புறையில் உள்ள படங்களைப் பட்டியலிட்டுப் பெயர் வரிசைப்படி அடுக்க வேண்டும். ‘10’ என்ற பெயர் ‘2’-க்கு முன்னால் வந்துவிடாதிருக்க 001, 002 எனப் பெயரிடுவது நல்லது.

இரண்டு: படத்தின் நிலையைச் சரிசெய்ய வேண்டும். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் பதிவாகி, ‘திருப்பிக் காட்டுக’ என்ற குறிப்பு மட்டும் உடன் இருக்கலாம். பில்லோவின் ‘எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்’ என்ற செயற்கூறு அக்குறிப்பைப் படித்து, படத்தையே திருப்பிவிடும்.

மூன்று: ‘தம்ப்நெயில்’ என்ற செயற்கூறால் அளவைக் குறைக்க வேண்டும். நீள அகல விகிதத்தை அது மாற்றாது. சிறிய படத்தைப் பெரிதாக்கவும் செய்யாது. சிறுபடத்திற்கு 400 பிக்சலும் பெரிய படத்திற்கு 1,600 பிக்சலும் எல்லையாக வைக்கலாம்.

நான்கு: ஜேபெக் வடிவில், தர அளவு 80 என்ற அளவில் சேமிக்கலாம். 95-க்கு மேல் வைத்தால் கோப்பு பெருக்குமே தவிர, கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

ஐந்து: ஒவ்வொரு சிறுபடத்தையும் அதன் பெரிய படத்துடன் இணைக்கும் பக்கத்தை எழுத வேண்டும். சிறுபடத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிட்டால், பக்கம் திறக்கும்போது குலுங்காது. ‘லேசி’ என்ற ஏற்றமுறையைக் குறித்தால், பார்வையாளர் கீழே நகரும்போது மட்டும் படங்கள் வந்து சேரும். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு வரி மாற்று விவரம் எழுதுவது, திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும்.

இருப்பிடத் தகவல் எச்சரிக்கை

கைப்பேசியில் இருப்பிட அனுமதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். எடுத்த நாளும் நேரமும் கேமராவின் வகையும் உடன் இருக்கும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்கஃபியின் படத்தை வைஸ் இதழின் இணையதளம் வெளியிட்டபோது, அவர் குவாட்டமாலாவில் இருப்பதை இத்தகவலே காட்டிக்கொடுத்தது.

பெரிய சமூக ஊடகங்கள் பல, வெளியிடும் படங்களிலிருந்து இத்தகவலை நீக்கிவிடுகின்றன. சொந்த இணையதளத்தில் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. பில்லோ ஜேபெக் வடிவில் புதிதாகச் சேமிக்கும்போது, நாம் குறிப்பிட்டுக் கேட்டாலன்றி இத்தகவலைச் சேர்ப்பதில்லை. எனவே, மேற்கண்ட முறையில் உருவாகும் படங்களில் இருப்பிடம் இராது. மூலப் படங்களை ஏற்றக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வழக்கமான இடறல்கள்

விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரியும் படங்கள் சேவையகத்தில் காணாமற்போகலாம். லினக்ஸ் சேவையகங்கள் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதுவதே காரணம். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில் அமைத்தால் இச்சிக்கல் தீரும்.

தமிழ், இந்தி முதலிய மொழிகளில் படவிளக்கம் எழுதுவோர், பக்கத்தை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்குமாறு நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஐபோன் எடுக்கும் ஹெயிக் வடிவப் படங்களைப் பில்லோ தனியாகத் திறக்காது. கூடுதல் நிரல்தொகுதி வேண்டும். ஊடுருவும் பின்னணி கொண்ட பிஎன்ஜி படங்களை முதலில் சாதாரண வண்ண முறைக்கு மாற்றிய பின்னரே ஜேபெக் ஆக்க முடியும். 200 மெகாபிக்சல் படங்களைப் பில்லோ ஐயத்துக்குரியவை எனக் கருதி மறுத்துவிடும். அவற்றைக் கைப்பேசியிலேயே சிறிதாக்கிக் கொள்ளலாம்.

ஒப்புதல் அவசியம்

நிரல் எத்துணைச் செம்மையாக இருந்தாலும், படத்தில் இருப்பவரின் விருப்பத்தை அது அறியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவர்களின் தனிநபர் தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. பள்ளிகள் மாணவர் படங்களை வெளியிடும் முன் எழுத்துவழி ஒப்புதல் பெறுவதும், படவிளக்கத்தில் பெயர், வகுப்பு ஆகியவற்றைத் தவிர்ப்பதும் நலம். நீக்குமாறு ஒருவர் கேட்டால், மூலக் கோப்புறையிலிருந்து அப்படத்தை அகற்றி நிரலை மீண்டும் இயக்கி, சேவையகத்தில் உள்ள அதன் சிறுபடத்தையும் பெரிய படத்தையும் அழிக்க வேண்டும்.

இறுதியாக, இணையதளம் என்பது காட்சிக்கூடம் மட்டுமே, சேமிப்பறை அன்று. மூலப் படங்களை இரு வேறு வன்வட்டுகளில் படியெடுத்து, அவற்றில் ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்திருக்க வேண்டும். சேவையகம் நாளை பழுதடைந்தாலும், அந்தக் கோப்புறையும் இந்தச் சிறிய நிரலும் கையில் இருந்தால், தொகுப்பு முழுவதையும் மீண்டும் எழுப்பிவிடலாம்.