பதிப்புத் துணைவர்க்குரிய சிறப்பு

நூலைப் பதிப்பித்தவரைப் போற்றும் நாம், அந்நூல் அவர் கைக்கு வரத் துணைநின்றோரைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அத்துணைவர்க்குரிய சிறப்பு யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதனாலேயே உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தலைப்பட்டார். அதன் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. ஐயர்க்கு 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிடைத்தன. ஏடு உதவினோரை அச்சிறப்புகள் சென்றடையவில்லை. ஆயினும், ஐயர் தம் முகவுரைகளில் அவர்தம் பெயர்களைக் குறித்துவைத்தார்.

இக்குறிப்பைப் பலர் நன்றியுரை என்றே கொள்வர். ஆயின், ஒரு பாடம் எச்சுவடியினின்று வந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். பாடவேறுபாடு ஆராய்வார் அதனைக் கொண்டே மூலத்தை நாடுவர். ஆகவே, துணைவர் பெயரை விடுதல் நன்றி மறத்தலோடு ஆராய்ச்சிப் பிழையுமாம்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இம்மரபைப் போற்றுகின்றது. தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் இத்தன்னார்வக் குழு, தட்டச்சு செய்தார், பிழை திருத்தினார் ஆகியோர் பெயர்களை நூன்முகப்பில் தருகின்றது. நாமோ அம்மின்பதிப்பில் சொற்களைத் தேடித் திரட்டிவிட்டு, அடிக்குறிப்பில் அச்சுநூலை மட்டும் காட்டுகின்றோம். பின்னர் ஒரு சொல் பிழையெனத் தெரியின், அப்பிழை எங்கு நேர்ந்தது என அறிய வழியில்லை.

கூலி பெறாது உழைத்தார்க்கு நாம் எளிதில் தரக்கூடியது இப்பெயர்க்குறிப்பே. அதனை முதலில் செய்வோம். விருதும் விழாவும் அதன்பின் வருக.