ஜாகாவின் பயிற்சிக்கு யார் பொறுப்பு?

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு தாமானின் குடியிருப்போர் சங்கம் காவலுக்கு ஆள் வைக்க முடிவு செய்தால், கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி "மாதம் எவ்வளவு?" என்பதுதான். வருகிற ஆளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கதைதான். செம்பனைக் குலை திருடுபோகும், ஒட்டுப்பால் மூட்டை காணாமல் போகும். உடனே ஒரு ஜாகா. கையில் டார்ச்சும் தடியும் கொடுத்து விடியும்வரை தனியாக நிறுத்திவிடுவார்கள்.

சீருடை போட்டவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. போலீஸ்காரரைப் பயிற்றுவிப்பது அரசு. போலிஸ் பந்துவான் எனப்படும் துணைப் போலீஸ், 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் கீழ் வருகிறது. சம்பளம் நிறுவனத்துடையது, நியமனமும் அதிகாரமும் போலீஸ் படையிடமிருந்து வருபவை. பெரிய தோட்ட நிறுவனங்கள் சில இப்படித் தங்களுக்கென்று ஆள் வைத்திருக்கின்றன. மூன்றாமவர்தான் நம் ஜாகா. 1971ஆம் ஆண்டுத் தனியார் ஏஜென்சிகள் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சிடம் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஊழியர்.

இவருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. கண்ணெதிரே பெருங்குற்றம் நடந்தால், எந்தக் குடிமகனும் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிற அளவுக்குப் பிடிக்கலாம். பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடிப்பதும், லயத்து வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுவதும் அவர் வேலையல்ல. பயிற்சியின் முதல் பாடமே இதுதான். இது தெரியாத ஜாகா திருடனுக்கு மட்டுமல்ல, வேலைக்கு வைத்தவருக்கும் ஆபத்து.

அவசர அவசரமாக ஆள் சேர்த்துத் தோட்டத்தில் நிறுத்துவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட பிறகு, அவசரகாலம் வந்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். அவர்களுக்குப் பயிற்சி தர வந்தவர்களில் பலர், அப்போதுதான் கலைக்கப்பட்ட பாலஸ்தீனப் போலீஸின் சார்ஜன்ட்டுகள். ஆட்சியாளர்கள் வெளியிலிருந்து பயிற்சியாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கோ இந்த ஊரும் மொழியும் தெரியாது. 1952இல் லண்டன் நகரப் போலீஸ் ஆணையர் ஆர்தர் யங் இங்கே அனுப்பப்பட்டபோது, படையை மறுபடி பயிற்றுவிப்பது அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்றானது. எண்ணிக்கையை முதலில் நிரப்பிவிட்டுப் பயிற்சியைப் பிறகு தேடினால் ஆகும் செலவு அது.

இன்று காவலர்களுக்கென்று அமைச்சு ஏற்றுக்கொண்ட அடிப்படைப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. சட்டம், ரோந்து, அறிக்கை எழுதுவது, தீயணைப்பு எனப் பொதுவான பாடங்கள். வகுப்பறைப் பயிற்சி நல்லதுதான். ஆனால் ஒரு தோட்டத்தின் எந்த மூலையில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது, பராங் கத்தியோடு நாலு பேர் லாரியில் வந்தால் எங்கே ஒதுங்கி யாரைக் கூப்பிட வேண்டும், பாம்பு கடித்தால் இரவில் எந்த வண்டி வரும் என்பதையெல்லாம் எந்தச் சான்றிதழும் சொல்லாது. அதை அந்த இடத்திலேயே நடந்து காட்டித்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பயிற்சிக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது: ஆள் யார் என்று பார்ப்பது. 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியில் காவலுக்கு நின்றவரே அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். அவர் காட்டியிருந்த அடையாள அட்டை போலி என்று பிறகு தெரிந்தது.

இனி விலைக்கு வருவோம். காவல் நிறுவனத்தின் விலைமனு வந்ததும் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கும் 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 8.17, மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26 வெள்ளி. ஜாகா வேலை வழக்கமாக 12 மணி நேரம். நாளுக்கு 4 மணி மிகைநேரம், 26 நாளுக்கு 104 மணி; சட்டம் அனுமதிக்கும் மாத உச்சவரம்பும் சரியாக 104தான். மிகைநேரம் மட்டும் சுமார் 1,275 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காட்டைச் சேர்த்தால் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 3,200 வெள்ளி. இரவும் பகலும் ஒரு கேட்டைக் காக்க இரண்டு ஆள், ஆக 6,400. ஓய்வுநாளுக்கு மாற்று ஆள், சொக்சோ, சீருடை, நிறுவனத்தின் லாபம் எதுவும் இதில் சேரவில்லை. ஆகவே ஒரு கேட்டுக்கு 5,000 வெள்ளி என்று யாராவது விலைமனு கொடுத்தால் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. சம்பளத்திலோ ஆளிலோ கைவைக்கிற நிறுவனம், பயிற்சியை மட்டும் விட்டுவைக்காது.

பயிற்சிக்குக் காசில்லை என்ற பேச்சும் முழுக்க உண்மையல்ல. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி கட்டுகின்றன. அந்தப் பணத்தைப் பயிற்சிக்கென்று திரும்பக் கோரலாம். கோருகிறீர்களா என்று காவல் நிறுவனத்திடம் கேளுங்கள்.

வேலைக்கு வைத்தவருக்கும் இப்போது பொறுப்பு கூடியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உங்கள் உத்தரவின்படி வேலை செய்தால், அவர்களுடைய பாதுகாப்பிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அபராதம் 500,000 வெள்ளிவரை போகலாம்.

எனவே ஒப்பந்தத்தில் "பயிற்சி பெற்ற காவலர்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடக் கூடாது. என்ன பயிற்சி, யார் கொடுத்தது, இடத்தைச் சுற்றிக் காட்டும் பயிற்சி எப்போது, அந்த மணிநேரங்களுக்குச் சம்பளம் யார் தருவது, ஆண்டுக்கு எத்தனை முறை திரும்பச் செய்வது என்று எழுத வேண்டும். முக்கியமாக, மாற்று ஆளை மறக்கக் கூடாது. வழக்கமான ஜாகா காய்ச்சலில் படுத்த இரவு, பெயர்கூடத் தெரியாத ஒருவர் வேறு ஊரிலிருந்து வந்து நிற்பார். அவருக்கும் அதே பயிற்சி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய பணம் கிடையாது என்ற விதியை நல்ல நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். ஏற்க மறுக்கும் நிறுவனத்தின் விலைமனுவை மேசையிலேயே ஒதுக்கிவிடலாம்.