ஃபீனிக்ஸில் குடியேறலாமா? பாலைவனப் பெருநகரின் நீரும் வெப்பமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸில் 1950 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2020 இல் அந்த எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டியதால், நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமாக அது உயர்ந்தது. அதை ஒட்டியுள்ள சாண்ட்லர், மேசா, கில்பர்ட், ஸ்காட்ஸ்டேல், டெம்பி முதலிய நகரங்களையும் சேர்த்தால், நம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய நிகரான மாரிகோபா கவுண்டியில் மட்டும் அப்போது 44 லட்சம் பேர் வசித்தனர். ஆண்டு முழுவதும் சேர்ந்து சராசரியாக 180 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும், அதாவது சென்னையின் மழையில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாத சோனோரன் பாலைவனத்தில், இவ்வளவு பேர் ஏன் குடியேறினார்கள் என்பது ஒரு கேள்வி. இனிக் குடியேற நினைப்பவர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி.

முதல் கேள்விக்கு விடை எளிது. இன்டெல் நிறுவனம் 1980 முதல் சாண்ட்லரில் இயங்கி வருகிறது. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 2020 இல் வடக்கு ஃபீனிக்ஸில் சிப் ஆலை அமைக்கப்போவதாக அறிவித்து, தொடக்கத்தில் 1,200 கோடி டாலராக இருந்த முதலீட்டுத் திட்டத்தை 2025 இல் 16,500 கோடி டாலராக உயர்த்தியது. மாநில வருமான வரி 2023 முதல் எல்லோருக்கும் ஒரே சீராக 2.5 விழுக்காடுதான் என்பதும், கலிஃபோர்னியக் கடற்கரை நகரங்களில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குத் தரும் விலையில் இங்கே தோட்டத்தோடு கூடிய தனி வீடு கிடைத்து வந்தது என்பதும், குளிர்காலம் ஊட்டியின் நல்ல நாள்களைப் போல இதமாக இருக்கும் என்பதும் சேர்ந்து மக்களை இழுத்தன. சிப் தொழிலை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களும் இவர்களில் உண்டு. ஆனால் வீட்டு விலையைப் பற்றிய பழைய நம்பிக்கை இன்று செல்லாது. 2021 என்ற ஒரே ஆண்டில் ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளின் விலை 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது.

இரண்டாவது கேள்வியில் எல்லோரும் முதலில் தொடுவது தண்ணீரைத்தான். பாலைவனத்தில் பெருகும் நகரம் ஒருநாள் வறண்டுவிடாதா என்று கேட்பது இயல்பே. ஆயினும் ஃபீனிக்ஸின் தண்ணீர், இயற்கையின் கொடை என்பதைவிட, சட்டப்படி வரிசைப்படுத்தப்பட்ட ஓர் உரிமை என்று புரிந்துகொண்டால்தான் அதன் வலுவும் பலவீனமும் விளங்கும். அமெரிக்க மேற்கு மாநிலங்களில், ஆற்றுநீரை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. வறட்சியில் குறைப்பு வரும்போது கடைசியாக வந்தவரே முதலில் இழப்பார். ஃபீனிக்ஸுக்கு நீர் வரும் வழிகள் மூன்று. அருகிலுள்ள சால்ட், வெர்டே ஆறுகளின் நீர், 1911 இல் கட்டி முடிக்கப்பட்ட ரூஸ்வெல்ட் அணை முதலிய தேக்கங்களின் வழியாக, பழைய வேளாண் நிலங்களுக்குரிய மூத்த உரிமையுடன் வருகிறது. கொலராடோ ஆற்று நீர், ஏறத்தாழ 540 கிலோமீட்டர் நீளமுள்ள மத்திய அரிசோனா கால்வாய் வழியே, இடையிடையே பம்புகளால் மேலேற்றப்பட்டு வருகிறது. மூன்றாவது நிலத்தடி நீர்.

இவற்றில் கொலராடோதான் சிக்கலானது. அந்த ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள 1922 இல் ஒப்பந்தம் செய்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக நீர் மிகுந்தவையாக இருந்ததால், ஆற்றில் இல்லாத நீரையும் சேர்த்தே பங்கு பிரித்துவிட்டனர். காவிரிப் பங்கீட்டைப் பின்தொடர்ந்து வரும் தமிழ் வாசகருக்கு இது புதிய கதையன்று. மெக்சிகோவின் பங்கையும் சேர்த்துக் காகிதத்தில் ஏறத்தாழ 720 டிஎம்சி ஒதுக்கப்பட்டுள்ள ஆற்றில், 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு சராசரியாக 550 டிஎம்சி அளவுகூட ஓடவில்லை. அரிசோனாவின் பங்கு ஏறத்தாழ 122 டிஎம்சி. ஆனால் கால்வாய்த் திட்டத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறுவதற்காக, பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பின்னால் நிற்பதாக அம்மாநிலம் 1968 இல் ஒப்புக்கொண்டது. அதன் விளைவு அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது: 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுக்கு அரிசோனா ஏறத்தாழ 22 டிஎம்சியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அந்த வெட்டு நகரக் குழாய்களைத் தொடவில்லை; ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே உள்ள பைனல் கவுண்டியின் பருத்தி, தீவனப்புல் உழவர்கள்தான் அதைத் தாங்கினார்கள்.

நகரவாசிக்கு ஆறுதலான, ஆனால் நீதியைப் பற்றி யோசிக்கவைக்கும் உண்மை இதுதான்: அரிசோனாவில் பயன்படும் நீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேளாண்மைக்கே செல்வதால், வயல் மறைந்து வீடு எழும்போது பல இடங்களில் நீர்ச் செலவு கூடாமல் குறைகிறது. மக்கள்தொகை பல மடங்கு பெருகிய பிறகும், மாநிலத்தின் மொத்த நீர்ப்பயன்பாடு 1950களின் பிற்பகுதியில் இருந்த அளவைத் தாண்டவில்லை. எனவே நகரம் முழுவதும் தாகத்தால் காலியாகும் என்ற பேச்சுக்கு ஆதாரம் குறைவு. அதற்காக எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு பாதுகாப்பு உண்டு என்றும் பொருளில்லை.

இந்த வேறுபாட்டின் வேர் 1980 இல் அரிசோனா இயற்றிய நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டத்தின்படி, ஃபீனிக்ஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மனைப்பிரிவு போட்டு விற்பவர், அங்குள்ள வீடுகளுக்கு 100 ஆண்டுகளுக்கு நீர் உண்டு என்று மாநில நீர்வளத் துறையிடம் நிறுவிச் சான்றிதழ் பெற வேண்டும்; அல்லது அந்தத் தகுதியை ஏற்கெனவே பெற்ற நகராட்சியின் குழாய் இணைப்புக்குள் மனை இருக்க வேண்டும். ஃபீனிக்ஸ், சாண்ட்லர், மேசா, ஸ்காட்ஸ்டேல் ஆகிய நகராட்சிகள் அத்தகுதி பெற்றவை. வளர்ச்சி வேகமாக நடக்கும் புறநகர் விளிம்பில் இருந்த பல திட்டங்களோ நிலத்தடி நீரை மட்டுமே நம்பியிருந்தன. மாநில அரசு 2023 ஜூனில் வெளியிட்ட கணிப்பில், அடுத்த 100 ஆண்டுகளின் நிலத்தடி நீர்த் தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடு கிடைக்காது என்று தெரியவந்ததால், அந்நீரை மட்டும் காட்டிப் புதிய சான்றிதழ் பெறும் வழி ஃபீனிக்ஸ் பகுதியில் அடைக்கப்பட்டது. ஏற்கெனவே சான்று பெற்ற மனைகளுக்கு இது பொருந்தாது. வயலின் நீருரிமையைக் கைவிட்டு அதைக் குடியிருப்புக்கு மாற்ற இடமளிக்கும் சட்டம் 2025 இல் நிறைவேறியதால், கதவு ஓரளவு மீண்டும் திறந்திருக்கிறது.

சட்டத்தில் இருந்த ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற குடியிருப்பே சாட்சி. 5 மனைகளுக்கு மேற்படாமல் நிலத்தைத் துண்டாக்கி விற்றால் 100 ஆண்டுச் சான்று தேவையில்லை என்பதைப் பயன்படுத்தி, எந்த நகராட்சியிலும் சேராத அந்த மலையடிவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் எழுந்தன. கிணறு வற்றியவர்களும் கிணறே தோண்டாதவர்களும் ஸ்காட்ஸ்டேலிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பி வாழ்ந்தனர். தன் எல்லைக்கு வெளியே நீர் தருவதை நிறுத்தப்போவதாக முன்கூட்டியே எச்சரித்திருந்த ஸ்காட்ஸ்டேல், 2023 ஜனவரி 1 அன்று அதை நிறுத்தியது. ஏறத்தாழ 500 வீடுகள், பல லட்சம் டாலர் விலையுள்ள மாளிகைகள் உட்பட, கழுவத் தண்ணீரின்றித் தாள் தட்டில் சாப்பிடும் நிலைக்கு வந்தன. பல மாதங்கள் கழித்து மாநில அரசு தலையிட்டுத்தான் தற்காலிக ஏற்பாடு பிறந்தது. பத்திரத்தில் அழகாக இருந்த அந்த வீடுகளுக்கும் சில கிலோமீட்டர் தொலைவில் தடையின்றிக் குழாய் ஓடிய வீடுகளுக்கும் இடையே இருந்தது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே.

தண்ணீர் விலாசத்தைப் பொறுத்தது என்றால், வெப்பம் எல்லோருக்கும் உண்டு. அதன் சுமைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தமிழ்நாட்டில் கத்திரி வெயில் என்று மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தைச் சொல்கிறோம். அப்போதும் வேலூர் போன்ற ஊர்களில் 43 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஃபீனிக்ஸில் 2024 ஆம் ஆண்டில் 70 நாள்கள் வெப்பநிலை 43.3 டிகிரியை, அதாவது அவ்வூர்க் கணக்கில் 110 ஃபாரன்ஹீட்டை, எட்டியது. 2023 இல் தொடர்ச்சியாக 31 நாள்கள் அவ்வாறு இருந்தது. வறண்ட வெப்பம்தானே, சென்னையின் புழுக்கம் இல்லையே என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு: காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் வியர்வை உடனே ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். மறுபாதி என்னவென்றால், அப்படி ஆவியாவதால் வியர்ப்பதே தெரியாமல் உடல் நீரிழந்துகொண்டிருக்கும்.

பகலைவிட இரவுதான் புதியவர்களை ஏமாற்றுகிறது. பாலைவனம் இரவில் குளிர்ந்துவிடும் என்று பள்ளியில் படித்தது திறந்த மணல்வெளிக்குப் பொருந்தும். பகலெல்லாம் வெப்பத்தை விழுங்கிய தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதை இரவு முழுவதும் மெல்ல உமிழ்வதால், நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவே நிற்கும். வெப்பத் தீவு என்று இதை அறிவியலார் அழைக்கின்றனர். 2023 ஜூலை 19 அன்று ஃபீனிக்ஸின் மிகக் குறைந்த வெப்பநிலையே 36 டிகிரியாக இருந்தது. கோடையில் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டுவதால், தடுக்கி விழுந்து உடனே எழ முடியாத முதியவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருகின்றனர். குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலும் சுடுநீர்தான் வரும். கார் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் செத்துவிடும். நாயை நடத்திச் செல்பவர் அதன் பாதங்களுக்கு உறை மாட்டுவார். பள்ளிகளோ ஜூலை இறுதியில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்துவிடுகின்றன.

மாரிகோபா கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை, வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகளாக 2023 இல் 645ஐயும் 2024 இல் 608ஐயும் பதிவு செய்தது. இறந்தவர்களில் கணிசமானோர் வீடற்றோர். வீட்டுக்குள் இறந்தவர்களைப் பற்றிய விவரம் இன்னும் கவனத்துக்குரியது: அவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஏசி இருந்தது, ஆனால் அது ஓடவில்லை. பழுதாகியிருக்கலாம், கட்டணத்துக்கு அஞ்சி அணைத்திருக்கலாம். ஆகவே ஃபீனிக்ஸில் ஏசி என்பது வசதிப் பொருள் அன்று, உயிர்காக்கும் கருவி; கட்டணம் செலுத்தாத வீட்டின் மின்சாரத்தைக் கோடை மாதங்களில் துண்டிக்கக் கூடாது என்று மாநிலம் ஒழுங்குபடுத்தும் மின் நிறுவனங்களுக்கு 2019 முதல் தடை இருப்பதும் இதனால்தான். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் பிரையன் ஸ்டோன் தலைமையில் 2023 இல் வெளியான ஆய்வு ஒன்று, கடும் வெப்ப அலையின்போது நகரெங்கும் மின்சாரம் நின்றுபோய் இரண்டு நாள் நீடித்தால், ஏறத்தாழ 13 ஆயிரம் பேர் இறக்கக்கூடும் என்று கணித்தது. இது நிகழும் என்ற ஆரூடம் அன்று. நகரம் எதன் மீது நிற்கிறது என்பதன் அளவீடு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோடைப் பருவக் காற்றோடு வரும் புழுதிப்புயல் சில நிமிடங்களில் நெடுஞ்சாலையை மறைத்துவிடும். மண்ணில் வாழும் பூஞ்சையின் வித்துகளை மூச்சோடு இழுப்பதால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் அமெரிக்காவில் அதிகம் பதிவாகும் மாநிலம் அரிசோனாதான். பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும், கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கார் இல்லாமல் வாழ்வது கடினம். மாலை நேரத்தில் மின்சார விலை கூடும் கட்டணத் திட்டங்கள் உள்ளதால், பல வீடுகளில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே வீட்டை நன்றாகக் குளிரவைத்து, பின்னர் 7 மணி வரை ஏசியைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் உண்டு.

விசாவில் இருப்போர் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எச்1பி விசாவில் பணியாற்றுபவர் வேலையை இழந்தால், புதிய வேலை தேடப் பொதுவாக 60 நாள்தான் கால அவகாசம். ஓர் ஊரில் ஒரே தொழிலின் இரண்டு மூன்று பெரிய நிறுவனங்களை நம்பி வீடு வாங்குவதில் உள்ள அபாயத்தை, 2024இலும் 2025இலும் இன்டெல் செய்த ஆட்குறைப்புகள் நினைவூட்டின. முதல் ஆண்டை வாடகை வீட்டில் கழிப்பது செலவாகத் தோன்றினாலும் மலிவான காப்பீடே.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், ஏசி அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கும், சான்று பெற்ற நகராட்சியின் எல்லைக்குள் நல்ல கூரையும் இரண்டாவது ஏசியும் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கும் ஃபீனிக்ஸ் வாழத்தக்க நகரமே; வெயிலில் நின்று கட்டட வேலையும் தோட்ட வேலையும் செய்பவருக்கும், ஊரிலிருந்து அழைத்துவந்து தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பும் முதிய பெற்றோர்க்கும் அதே நகரம் கடுமையானது. காலையும் மாலையும் தெருவில் நடந்து பழகிய பெற்றோர், ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு சுவர்களுக்குள் அடைபட நேரும் என்பதைக் குடும்பம் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

கொலராடோ நீரைப் பங்கிட 2007 இல் வகுக்கப்பட்ட விதிகளின் காலம் 2026 உடன் முடிகிறது. எனவே 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்குபவர், அந்த மனைக்குரிய 100 ஆண்டு நீர்ச் சான்றை மாநில நீர்வளத் துறையின் பதிவில் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும், விற்பவரின் வாய்மொழியை நம்பக் கூடாது. பெரும்பாலோர் வீடு பார்க்கச் செல்வது பகல் வெப்பம் 22 டிகிரியில் நிற்கும் பிப்ரவரியில்தான். ஜூலையில் ஒரு வாரம் அங்கே தங்கி, பகலில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கடை வரை நடந்து, இரவு 11 மணிக்கு வெளியே வந்து பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.